எந்த மேசையில் சட்டம் நடக்கிறது

திங்கட்கிழமை காலையில் திருப்பூர் பல்லடம் சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் ஒரே காரியத்துக்காக வருவதில்லை. ஒருவருக்கு வீட்டுமனைப் பட்டா வேண்டும். இன்னொருவருக்கு வங்கி கடன் தர மறுத்திருக்கிறது. ஒருவரின் கைரேகை ரேஷன் கடைக் கருவியில் பதிவதில்லை. வேறொருவரின் மகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறைக்குச் சக்கர நாற்காலி போகாது. நான்கும் நான்கு துறைகளின் வேலை. ஆனால் குறைதீர்க்கும் கூட்டங்களில் பழகிப்போன ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்தவர் மாற்றுத்திறனாளி என்று தெரிந்ததும், மனுவில் என்ன எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் கோப்புக் கட்டுக்குப் போய்ச் சேரும். பட்டா கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரமும் இல்லை. ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று எழுதி அவர் அதை வட்டாட்சியருக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ திருப்பி அனுப்புகிறார். மனு சுற்றிக்கொண்டிருக்க, மனுதாரர் அடுத்த திங்கட்கிழமையும் பஸ் ஏறுகிறார்.

அந்தச் சுற்றை எங்கே வெட்டுவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. இந்தியா 2007-இல் ஒப்புதல் தந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வந்த சட்டம் இது. அதன் பிரிவுகளை உட்கார்ந்து படிக்கும் எந்த அலுவலரும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. உதவித்தொகை, உபகரணம், அடையாள அட்டை ஆகியவை சட்டத்தின் சிறு பகுதிதான். மீதிக் கடமைகள் கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருபவர், பள்ளியை நடத்துபவர், பேருந்து வாங்குபவர், ஆள் எடுப்பவர், புகாரைப் பதிவு செய்யும் காவல் அதிகாரி, இணையதளத்துக்கு டெண்டர் விடுபவர் ஆகியோர் தலையில் இருக்கின்றன. நலத்துறையிடம் மட்டும் விட்டுவைத்தால் இந்தச் சட்டம் நடக்கவே நடக்காது. அந்தந்தத் துறையின் அன்றாடக் கையெழுத்துக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அப்படி வைத்தால் நடக்கும் என்பதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக ஏழாண்டு முடிந்த நாளில், 2024 ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாடு மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் 12டி படிவம் கொடுத்தால், தேர்தல் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து வாக்கைப் பெற்றுப் போனார்கள். சாவடிக்கு வர விரும்பியவர்கள் ‘சக்ஷம்’ செயலியில் சக்கர நாற்காலி கேட்க முடிந்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் இருந்தன. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் மற்ற 364 நாட்களிலும் அசையாத அரசு இயந்திரம் அன்று அசைந்தது. ஒவ்வொரு சாவடிக்கும் குறைந்தபட்ச வசதி என்னவென்று எழுத்தில் இருந்தது. அதற்குப் பொறுப்பான அலுவலரின் பெயர் இருந்தது. தள்ளிப்போட முடியாத ஒரு தேதி இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் நிதி இல்லை, ஆள் இல்லை என்ற பேச்சு எழவில்லை.

திருப்பூரில் வாக்குச்சாவடிகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிகள். எந்தப் பள்ளியில் நிலையான சாய்தளம் இருக்கிறது, எங்கே அன்றைக்கு மட்டும் பலகை போட்டார்கள், எங்கே கழிப்பறை பயன்படாது என்ற விவரத்தைத் தேர்தல் பணிக்காக வருவாய்த் துறை சாவடி வாரியாகத் திரட்டுகிறது. பள்ளிகளை மாற்றியமைக்க நினைக்கும் அதிகாரி புதிதாக ஓர் ஆய்வுக் குழு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். வட்டாட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் உள்ள அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கினாலே முதல் பட்டியல் தயார்.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் உதவும். 1990-இல் அங்கே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்ததையடுத்து, 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு மாற்றத் திட்டம் எழுதியாக வேண்டும் என்று விதி செய்தார்கள். என்ன தடை, அதை எப்படி நீக்குவது, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்ற நான்கு விவரங்கள்தான் அதில் கட்டாயம். திருப்பூர் மாநகராட்சியின் மண்டல அலுவலகங்களுக்கும் மாவட்டத்தின் 265 ஊராட்சிகளுக்கும் இந்த நான்கு பத்திகள் போதும். நாலாவது பத்தியில் ‘துறை’ என்று எழுதக் கூடாது. பதவியின் பெயரை எழுத வேண்டும்.

கட்டடங்களில் சட்டத்தின் பிடி மிக இறுக்கமானது. பிரிவு 44-இன்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரவோ அதில் குடியேற விடவோ கூடாது. பிரிவு 45 ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கொடுத்தது. மத்திய விதிகள் 2017 ஜூன் 15 அன்று வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் அரசு அலுவலகம் மட்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடமும் அதில் அடங்கும். பணியிடம், வணிக வளாகம், கோயில், திரையரங்கு, பேருந்து நிலையம் எல்லாம் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன.

அதே 2017 ஜூனில்தான் திருப்பூர் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. ஆக, அந்தத் திட்டப் பணத்தில் இந்த நகரத்தில் எழுந்த ஒவ்வொரு கட்டடமும் சட்டத்துக்குப் பிறகு வரையப்பட்டது. ‘பழைய கட்டடம், என்ன செய்ய முடியும்’ என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது சாய்தளம், கழிப்பறை, கைப்பிடி எல்லாம் அதில் இடம்பெற்றன. ஆனால் திருப்பூரைப் பொறுத்தவரை அந்த விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று அவை விலக்குத் தந்தன. பனியன் கம்பெனிகளால் நிறைந்த ஊரில் இதன் பொருள், சட்டம் வைத்த இரண்டு காவல் கதவுகளில் இரண்டாவது திறந்தே கிடக்கிறது என்பதுதான். அதனால் முழு வேலையையும் முதல் கதவில் முடித்தாக வேண்டும். வரைபட ஒப்புதல் தரும் உள்ளூர்த் திட்டக் குழும அலுவலரும், தொழிற்சாலை வரைபடத்தைத் தனியே பார்க்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் அங்கேயே நிறுத்திக் கேட்காவிட்டால், பிறகு கேட்க யாரும் இல்லை.

கேட்பதற்குப் பெரிய நிபுணத்துவமும் வேண்டாம். சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்க வேண்டும். வாசற்படி 45 சென்டிமீட்டர் உயரம் என்றால், சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வந்தாக வேண்டும். வரைபடத்தில் அது இரண்டு மீட்டராக இருந்தால், கட்டப்போவது சக்கர நாற்காலியைக் கவிழ்க்கும் ஒரு சறுக்கு. கதவு 90 சென்டிமீட்டர் அகலம் திறக்கிறதா, சாய்தளத்தின் இருபுறமும் கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப இடம் உண்டா என்று ஓர் அளவு நாடாவை வைத்தே சொல்லிவிடலாம். அரசு அலுவலகங்களிலேயே பல சாய்தளங்கள் இந்த எளிய கணக்கில் தோற்றுப்போகின்றன. சில இடங்களில் சாய்தளம் சரியாக இருக்கும். அதன் மேல் இருசக்கர வாகனங்கள் நிற்கும். அதை அகற்றுவது அலுவலகத் தலைவரின் பொறுப்பு. அதற்கு அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. மத்திய விதிகளின் 15(1)-ஆவது விதி, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவிட்டது. சட்டமோ அவற்றைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. எனவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இதைச் சிலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். விதி போய்விட்டது, இனி தரமே இல்லை என்று கோப்பில் எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கிற தரங்களை நோக்கிய வேலை தடைபடக் கூடாது என்று தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

இனி பனியன் கம்பெனிக்கு உள்ளே போகலாம். கட்டிங், ஓவர்லாக், சிங்கர், கைமடி, பிசிர் வெட்டுதல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. வேலை இப்படிச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்திருப்பது மாற்றுத்திறனாளிகளுக்குச் சாதகமான ஏற்பாடு. கால் நடக்க முடியாதவர் உட்கார்ந்து செய்யும் வேலைகள் இங்கே நிறைய. காது கேளாதவர் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே எந்தத் தடையும் இல்லாமல் தைக்கிறார். அவர்களுக்குத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. சூப்பர்வைசர் லைனில் நின்று கத்திச் சொல்லும் மாற்றம் காது கேளாதவருக்கு எட்டாது. சாம்பிளைக் காட்டி, தாளில் எழுதிச் சொன்னால் எட்டும். தீ விபத்து மணி அவருக்குக் கேட்காது. மணியோடு மின்னும் விளக்கு ஒன்று வேண்டும். உட்கார்ந்து தைப்பவருக்கு வேலை தரைத்தளத்தில், கழிப்பறை மாடியில் என்றால், அவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். ஒன்றரை ஷிப்ட் அப்படி இருப்பது உடம்பை எவ்வளவு வாட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சட்டம் நியாயமான ஏற்பாடு என்று சொல்வது இந்த விளக்கையும் அந்தக் கழிப்பறையையும்தான். பீஸ் ரேட் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிசிர் வெட்டுகிறவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்பதற்காக அதே பீசுக்குக் குறைந்த ரேட் போடுவது பாகுபாடு. கருணையோடு வேலை கொடுத்தோம் என்று சொல்லி அதை மூடிவிட முடியாது.

தனியார் கம்பெனிகளுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் முதலாளிகளிடம் மட்டுமல்ல, அதிகாரிகளிடமும் வேரூன்றியிருக்கிறது. வேலை ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. 4 சதவீத ஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கு மட்டும். தனியாரில் 5 சதவீதத்தை எட்ட ஊக்கத்தொகை தர வேண்டும் என்றுதான் பிரிவு 35 சொல்கிறது. ஆனால் பிரிவு 21 எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டு, மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்த வேலைகள் பொருத்தமானவை, ஆளெடுக்கும் முறை என்ன, என்ன உபகரணங்கள் தரப்படும், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். 20 பேர் என்பது திருப்பூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்.

வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காக ஏற்றுமதிக் கம்பெனிகள் பல கொள்கைத் தாள்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றன. பாகுபாடு காட்ட மாட்டோம் என்ற பொதுவான வாசகமே அவற்றில் பெரும்பாலும் காணப்படும். சட்டம் கேட்பது அதைவிட அதிகம். தொழிலகப் பாதுகாப்பு அலுவலரின் ஆய்வுப் படிவத்தில் ‘சம வாய்ப்புக் கொள்கை பதிவு எண்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கம்பெனி மேலாளர்கள் அதைத் தேடிப் படிக்கத் தொடங்குவார்கள். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அதை ஒட்ட வைப்பது இந்த ஊருக்கு அவசியம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்கு அந்த மாநிலத்தில் தந்த மாற்றுத்திறன் சான்றிதழ் இங்கே செல்லாது என்று திருப்பி அனுப்புவது தவறு. பிரிவு 58-இன்படி அது நாடு முழுவதும் செல்லும்.

ஊக்கத்தொகையிலும் கைக்கு எட்டும் ஒன்று கவனிக்கப்படாமல் கிடக்கிறது. ஈ.எஸ்.ஐ. வரம்பு மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 23,000 வாங்கும் டைலர் மாற்றுத்திறனாளி என்றால் அவர் ஈ.எஸ்.ஐ.யில் தொடர வேண்டும். சான்றிதழ் விவரத்தைக் கணக்கில் ஏற்றாத அலுவலகத்தில் அவர் பெயர் தானாகவே விழுந்துவிடக்கூடும். முதலாளி செலுத்த வேண்டிய ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பங்கை வேலையின் முதல் மூன்றாண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டமும் 2008 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. தொழிலாளர் துறையும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து கம்பெனி கணக்கர்களைக் கூப்பிட்டுச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

அரசு தன் சொந்த ஊழியரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அடுத்த கேள்வி. பணிக்காலத்தில் ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவியிறக்கவோ கூடாது. அதே வேலையைச் செய்ய இயலாதவரை அதே சம்பளத்தோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். விபத்தில் காலிழந்த ஓட்டுநரிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதி வாங்க முனையும் கிளை மேலாளர் பிரிவு 20(4)-ஐ மீறுகிறார். அதுபோலவே ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருந்தாக வேண்டும் என்கிறது பிரிவு 23. அவரிடம் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். பதிவான புகாரை இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். நிறைவில்லாதவர் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். பதிவேடே இல்லாத அலுவலகத்தில் ‘புகார் எதுவும் வரவில்லை’ என்ற அறிக்கைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாக. 2021 முதல் மாற்றுத்திறனாளியும் உடன் செல்பவரும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகலாம். கட்டணம் போய்விட்டது, படிகள் போகவில்லை. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உயர் நீதிமன்றத்தில் மாற்றுத்திறனாளிகள் நீண்ட காலம் போராடியதன் விளைவு அது. திருப்பூர் மண்டலத்துக்குப் புதிய வண்டிகள் கேட்டு எழுதும் கடிதத்திலேயே தாழ்தளம் வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். வண்டி வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

யாரும் எதிர்பாராத துறைகளையும் சட்டம் பிடிக்கிறது என்பதற்குப் பக்கத்து மாவட்டமே எடுத்துக்காட்டு. கோவை மத்திய சிறையில் இருந்தபோது தசைச் சிதைவு நோயுள்ள ஒருவருக்குத் தேவையான உணவும் சிகிச்சையும் கழிப்பறை வசதியும் கிடைக்கவில்லை. அவருடைய வழக்கில் 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகள் அனைத்துக்கும் உத்தரவுகளைப் பிறப்பித்தது. உள்ளே வரும்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண வேண்டும், சாய்தளமும் கழிப்பறையும் அமைக்க வேண்டும், ஆறு மாதத்தில் எல்லாச் சிறைகளையும் தணிக்கை செய்ய வேண்டும் என்பவை அவற்றுள் சில. சிறைத்துறை தன் விதிகளைத் தானே முன்பே திருத்தியிருந்தால் ஒரு மனிதர் அந்த வலியைப் பட்டிருக்க வேண்டாம்.

துறை அசையாவிட்டால் எங்கே போவது? பிரிவு 72-இன்படி அமைந்த மாவட்ட அளவிலான குழு முதல் இடம். அது கூடுகிறதா, கூடினால் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அடுத்தது மாநில ஆணையர். விசாரணையில் சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் பரிந்துரைத்தால், துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை அதே கெடுவுக்குள் எழுத வேண்டும். பரிந்துரைதானே என்று தள்ளும் துறையிடமிருந்து அந்தக் காரணக் கடிதத்தைக் கேட்டு வாங்கினால், அடுத்து உயர் நீதிமன்றம் போவதற்கு அதுவே அடிப்படை ஆவணம். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் சுமார் 650 பேரும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேரும், ஒன்றியங்களில் 388 பேரும், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேரும் மாற்றுத்திறனாளி உறுப்பினர்களாக நியமனம் பெற வழி பிறந்தது. நலத்திட்ட மனுக்களை வாங்கிக் கொடுப்பவராக மட்டும் அந்த உறுப்பினரை மற்றவர்கள் நடத்த முயல்வார்கள். அவர் முதல் கூட்டத்திலேயே மூன்று ஆவணங்களை மேசைக்கு வரவழைக்க வேண்டும்: குறைதீர் அலுவலரின் பதிவேடு, கடந்த ஓராண்டில் ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடங்களின் பட்டியல், அடுத்து விடப்போகும் டெண்டர்களின் விவரக்குறிப்பு. மூன்றாவது ஆவணத்தில் அங்கன்வாடியோ சமுதாயக் கூடமோ பொதுக் கழிப்பறையோ இருந்தால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் சாய்தளத்தின் நீளத்தையும் கதவின் அகலத்தையும் எண்ணாலேயே எழுதச் சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வைக்க வேண்டும். கூட்டம் நடக்கும் அறை மாடியில் இருந்தால், அடுத்த கூட்டத்தைக் கீழே நடத்தும் தீர்மானம் அன்றைய முதல் பொருளாக வர வேண்டும்.